அப்பாவின் பட்டாளத்துக் காசு

தொண்ணூறுகளின் தொடக்கம். தேவகோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்து மாதா கோயிலில் என் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் முடிந்து, அவனை முதல் முறையாகக் காரைக்குடிக்கு, என் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த நாள். அன்று நடந்ததை யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் பேச்செடுத்தால் "மறுபடியுமா?" என்பார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மாமனார் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பேரப்பிள்ளையின் இடுப்பில் கட்டுகிற வெள்ளி அரைஞாண்கொடியைக் கடையில் வாங்க மாட்டார்கள். பெண் வீட்டார் பழைய வெள்ளி ரூபாய்களைக் காசாகவே கொண்டுவந்து தர வேண்டும். அதை இவர்கள் வீட்டுக்கு வாடிக்கையாக வருகிற பத்தர் உருக்கி, கொடியாகச் செய்து தருவார். கடைக்காரன் கலப்படம் செய்துவிடுவானாம். இது யாரையும் நம்பாத குடும்பம் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். முகூர்த்தப் பட்டின் ஜரிகையைக் கடையில் வைத்தே நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்கள் அவர்கள்.

வெள்ளி ரூபாய் வேண்டும் என்று சொல்லி அனுப்பியபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலம், இரண்டு மாடு, அவ்வளவுதான். வேறு எதைக் கேட்டிருந்தாலும் கடன் வாங்கத்தான் ஓடியிருப்பார். ஆனால் பழைய ரூபாய் அவரிடம் இருந்தது. பெட்டிக்கு அடியில் ஒரு சுருக்குப் பையில், பெரிய கையால் அள்ளினால் ஒரு கை அளவுக்கு இருந்தது.

"என்னமோ எனக்காகவே கேட்டாப்புல இருக்குத்தா. பேரன் இடுப்புல என் பட்டாளத்துக் காசு கெடக்கட்டும்" என்றார்.

அப்பா இளவட்டமாக இருந்தபோது, உலகச் சண்டைக் காலத்தில், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சம்பளம் நோட்டாகத்தான் வருமாம். மழைக்காட்டில் நோட்டு நனைந்து கூழாகிவிடுகிறது என்று, ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு கூட்டாளி அவ்வப்போது அதை ரூபாய்க் காசாக மாற்றிக் கொடுப்பாராம். அந்தக் கூட்டாளியும் நம்ம பக்கத்துக்காரர்தான். பர்மா எல்லையில் குண்டு விழுந்து செத்துப்போனார். உடம்புகூடக் கிடைக்கவில்லை என்பார் அப்பா. வருஷா வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் கூட்டாளியின் பேரில் ஒரு பூசை வைப்பார். நாங்கள் கஞ்சி குடித்துக் கிடந்த வருஷங்களில்கூட அந்தப் பூசை நின்றதில்லை.

ஆக, அந்தக் காசுகள் அப்பாவுக்கு வெறும் வெள்ளி இல்லை. வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒரு பக்கம், செத்துப்போன சிநேகிதன் கையிலிருந்து வாங்கியது இன்னொரு பக்கம். என் கல்யாணத்துக்குக்கூட அவர் அந்தப் பையைத் தொடவில்லை.

அன்று காரைக்குடி வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். மாமனாரின் தங்கைகள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் இருந்தார்கள். அப்பா வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் காசுகளைப் பரப்பி வைத்தார். வரும்போதே துணியால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். எல்லாம் கிரீடம் வைத்த ராஜா தலை போட்ட காசுகள்.

பத்தர் ஒரு காசை எடுத்துத் தரையில் சுண்டிப் போட்டார். நல்ல கணீர் என்ற சத்தம். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்தர் அடுத்து அதை உரைகல்லில் தேய்த்து, சீசாவிலிருந்து ஒரு சொட்டு திராவகம் விட்டார். தேய்த்த இடம் பச்சையாகப் பொங்கியது. அவர் முகம் மாறிவிட்டது. இன்னொரு காசை எடுத்தார். அதுவும் பச்சை. சின்ன உளியால் ஒன்றின் ஓரத்தில் வெட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளை இல்லை, ஒருமாதிரி பழுப்பாக இருந்தது.

"வெள்ளி சரியில்லீங்க. செம்பு ரொம்ப இருக்கு. கொடி போட்டா கறுத்துப்போகும்" என்றார் மாமனாரிடம்.

மாமனார் உள்ளே போய், பீரோவில் இருந்து தன்னுடைய ரூபாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அது விக்டோரியா ராணி தலை போட்டது. "இதையும் உரசுங்க" என்றார். உரசினார். திராவகம் விட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது. கல்லில் இரண்டு கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப இது கள்ளக்காசுங்கிறீக" என்றார் மாமனார்.

பத்தர் அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். "பழைய ரூவான்னா இப்புடி வராதுங்க. நான் பாத்ததில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை மாமனாரே முடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, கேட்டீகளா?"

அப்பா எழுந்து நின்றார். "சத்தம் நல்லாத்தானே வந்துச்சு. அது பட்டாளத்துச் சம்பளம் சம்பந்தி. சர்க்கார் காசு."

"சர்க்காரு கள்ளக்காசா குடுக்கும்? நல்லாயிருக்கே கதை" என்றார் மாமனார். நாலு பேர் சிரித்தார்கள். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமியார் ரொம்பப் பெரிய மனசு பண்ணி ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை: "விடுங்க. அவுக நெலமை நமக்குத் தெரியாததா. என்னமோ முடிஞ்சதைக் கொண்டாந்திருக்காக."

என் வீட்டுக்காரர் அங்கேதான் இருந்தார். பிள்ளையின் கையில் இருந்த கிலுகிலுப்பையை ரொம்பக் கவனமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ஒவ்வொரு காசாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். உளிபட்ட காசு மட்டும் உருண்டு என் பக்கமாக வந்து கிடந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். அவர் கையை நீட்டவில்லை. சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்று சாயங்காலமே மாமனார் கடைக்குப் போய் ஒரு கொடி வாங்கிவந்தார். பரம்பரையாகக் கடைக்காரனை நம்பாதவர்கள், அப்பாவை நம்ப வேண்டாம் என்பதற்காகக் கடைக்காரனை நம்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. எந்த விசேஷமானாலும் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. "என் சம்பந்தி கொடுத்த காசு இருக்கே" என்று ஆரம்பிப்பார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அப்பா மறுபடி அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. பேரனைப் பார்க்க ஆசை வந்தால் காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, யாரிடமாவது சொல்லி அனுப்புவார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவேன். பஸ் நிற்கிற இடத்தில் நின்றபடியே கொஞ்சிவிட்டு, மடியில் கட்டிக் கொண்டுவந்த வேர்க்கடலையையோ கொய்யாவையோ கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்கு வாங்கப்பா என்றால், "இங்குட்டே நல்லாயிருக்குத்தா, காத்து வருது" என்பார். டீசல் புகையைத்தான் காற்று என்கிறார்.

ஊரில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று வீட்டுக்குப் போன அப்பா, ராத்திரி முழுக்கத் திண்டாடியிருக்கிறார். சர்க்கார் கள்ளக்காசு கொடுக்காது என்று மாமனார் சொன்னது அவருக்குச் சரியாகவே பட்டிருக்கிறது. அப்படியானால் நடுவில் மாற்றியது யார்? நோட்டை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தது ஒரே ஒரு ஆள்தான். அந்தக் கூட்டாளி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அப்பா எழுந்துபோய் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கவில்லை. கிராமத்தில் ஒருவர் நன்மை வாங்காமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தால் ஊருக்கே தெரியும். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறார். சம்பந்தி வீட்டுக்கும் பச்சைப்பிள்ளைக்கும் கள்ளக்காசு கொடுத்துவிட்டேன் என்று முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் செய்தது பாவமாகாது என்று சாமியார் எவ்வளவோ சொன்னாராம். அப்பா கேட்கவில்லை. பாவத்துக்குப் பரிகாரமாக அபராதம் விதித்தே ஆக வேண்டும் என்று நின்றிருக்கிறார். கடைசியில் சாமியார் ஏதோ கொஞ்சம் செபம் சொல்லச் சொல்ல, இவராக அதைக் கூட்டிக்கொண்டு, நாள்தோறும் பீடத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து முழங்காலில் நின்றிருக்கிறார். அந்த வயதில்.

காசுகளையும் வைத்திருக்கவில்லை. கோயில் உண்டியலில் போட்டால் சாமியை ஏமாற்றியதாகும், யாருக்காவது கொடுத்தால் அவர்களை ஏமாற்றியதாகும். ஊரணியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிட்டார். அந்த நவம்பரில் கூட்டாளிக்குப் பூசையும் வைக்கவில்லை.

"ஏன்னு கேட்டேன்டி. 'அவன் என்ன செஞ்சான்னு ஆண்டவருக்குத் தெரியும்'னு மட்டும் சொல்றாரு" என்றார் அம்மா.

வருஷங்கள் ஓடின. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். நானும் டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிற டீச்சர் பழைய ஊறுகாய் ஜாடி ஒன்று வாங்க வேண்டும் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். காரைக்குடியில் பெரிய வீடுகளை இடித்த சாமான்களை விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற தெரு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தூண், கதவு, பீங்கான், ரவிவர்மா படம் எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் ஜாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேஜை மேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே கிரீடம் வைத்த ராஜா தலை போட்ட ரூபாய், வரிசையாக.

கடைக்காரரிடம், "இது கள்ளக்காசுதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சண்டைக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வாய்ச்சவடால் பேர்வழி, வாயில் வெற்றிலை.

"யாரு சொன்னா? எங்கிட்ட எது கள்ளம்னு எனக்குத் தெரியாதா டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே வேறு பெட்டியில் இருந்து பளபளவென்று ஒரு ராணிக் காசை எடுத்துப் போட்டார். "இந்தா, இதுதான் கள்ளம். வெளிநாட்டுக்காரவுக மின்னுதுன்னு இதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாக."

மறுநாளே உளிபட்ட காசை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். ஜெபமாலைப் பெட்டியில் அதை அத்தனை வருஷமும் வைத்திருந்தேன். கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவருக்கு அதில் ஒரு உற்சாகம். சின்னத் தராசில் தன்னுடைய ராஜா காசு ஒன்றையும் என் காசையும் எதிரெதிராக வைத்தார். முள் நேராக நின்றது. லென்ஸை என் கையில் கொடுத்து ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரி. அந்த வரிக்கு நடுவில் சுற்றிலும் மெல்லிய பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு கோலம். கள்ளக்காசு அடிக்கிறவனால் இதைக் கொண்டுவர முடியாது, அதற்காகவே சண்டைக் காலத்தில் இப்படி அடித்தார்கள் என்றார். பிறகு அவருடைய ராணிக் காசின் ஓரத்தைக் காட்டினார். அதில் பல் எல்லாம் மழுங்கி, அங்கங்கே பொடிப்பொடியாகக் குழி. வார்ப்பில் ஊற்றியது அப்படித்தான் இருக்குமாம்.

"அப்புறம் ஏன் திராவகம் விட்டா பச்சையாப் பொங்குது?"

"பொங்கத்தான் செய்யும். இதுல பாதிதான் வெள்ளி. சண்டைக்கு வெள்ளி பத்தாம வெள்ளைக்காரனே செம்பைக் கலந்து அடிச்சான். அதுக்கு முந்தின ராணிக் காசோட வச்சு இதை உரசுனா இது தோக்கத்தான் செய்யும். ஆனா காசு சர்க்கார் காசு. நூத்துக்கு நூறு."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். கடைக்காரர் பதறிப்போனார். ஒரு ஸ்டூலைத் தள்ளிப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் ஊருக்கு வந்து அப்பாவிடம் இதை ஒரு தடவை சொல்லிவிட முடியுமா என்று கெஞ்சிக் கேட்டேன். அவர் தராசை எடுத்து உள்ளே வைத்தார்.

"நான் வந்து சொன்னா எவுகம்மா நம்புவாக? நான் போலி விக்கிறவன்னு ஊருக்கே தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து முதலில் மாமனாரிடம் சொன்னேன். கடைக்காரரிடம் இரவல் வாங்கிவந்த ராஜா காசு ஒன்றையும் கூடவே காட்டினேன், ஓரத்தைப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக்கூட எடுத்துப் போடவில்லை. "பாதி வெள்ளின்னா பாதி கள்ளந்தானேம்மா" என்றுவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். "அதை இன்னுமா மனசுல வச்சிருக்கே, நாங்க அன்னைக்கே மறந்துட்டோம்" என்றார் மாமியார். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வளைகாப்பில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரர் ராத்திரி, "பழசைக் கிண்டி என்னாகப் போகுது" என்றார். அவரைப் பொறுத்தவரை எதுவுமே ஆகப்போவதில்லைதான். அசிங்கப்பட்டது அவருடைய அப்பா இல்லையே.

அவர்கள் கிடக்கட்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. மறு வாரம் ஊருக்குப் போனேன். அப்பா கட்டிலோடு கட்டிலாக இருந்தார். மூச்சு வாங்கியது. காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவினார், அடையாளம் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்காரே செம்பு கலந்தது, ஓரத்துப் பள்ளம், தராசு, ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க கூட்டாளி உங்களை ஏமாத்தலைப்பா. நீங்களும் யாரையும் ஏமாத்தலை" என்றேன்.

"யாருத்தா சொன்னது?"

சொன்னேன். பொய் சொல்ல அப்போது தோன்றவில்லை.

"அந்தத் தெருக் கடைக்காரனா" என்று லேசாகச் சிரித்தார். ஒருவரைக் கேலி செய்கிற சிரிப்பு இல்லை அது. பிள்ளைகள் மண்ணில் சோறு சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், சாப்பிடுகிற மாதிரி வாயை அசைப்போமே, அந்த மாதிரி. என் கையைத் தட்டிக் கொடுத்தார். "சரித்தா. நல்ல காசுன்னே வச்சுக்குவோம். நீ அதுக்காக அலையாதே, பிள்ளையப் பாரு."

நான் எவ்வளவோ வாதாடினேன். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். அவர் மனசு நோகக் கூடாது என்று நான் கட்டிக்கொண்டு வந்த கதை என்று அவர் முடிவே செய்துவிட்டார். என் மனசு நோகக் கூடாது என்று அதை நம்பினவர் மாதிரி இருந்தார்.

ஒருவேளை உண்மையாகவே நம்பியிருப்பாரோ என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நவம்பர் வந்தது. அம்மாவிடம், "கூட்டாளிக்குப் பூசை வைக்கச் சொன்னாரா?" என்று கேட்டேன். பெற்றோருக்கு வைக்கச் சொன்னார், செத்துப்போன தன் அண்ணனுக்கு வைக்கச் சொன்னார், அந்தப் பேரை மட்டும் சொல்லவில்லை என்றார் அம்மா. அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அடுத்த தவக்காலத்துக்குள் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு என் மாமனாரும் வந்திருந்தார். தங்கமான மனுஷன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊரணி இப்போதும் இருக்கிறது. கோடையில் வற்றினால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தச் சேற்றுக்குள் எங்கேயோ நல்ல காசுகள் கிடக்கின்றன. நான் தேடவில்லை. தேடி எடுத்து யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு ஒரு பூசையும், நான் பார்த்தேயிராத அவருடைய கூட்டாளிக்கு ஒரு பூசையும் வைக்கிறேன். பூசை நேரத்தில் அந்தக் காசு என் கைக்குள் இருக்கும். கள்ளக்காசு என்று அவர்கள் சொன்னதை நம்ப அப்பாவுக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது, நல்ல காசு என்று நான் சொன்னதை நம்ப அவருக்கு ஆயுள் போதவில்லை என்பதைத்தான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.